ஆறாவது வாரத்து அழுகை

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகத் தொடங்கும். அதுவரை தூளியில் தூங்கிக்கொண்டோ, பாயில் கிடந்து கையைக் காலை ஆட்டிக்கொண்டோ இருந்த பிள்ளை ஆறரை மணிக்கு முகத்தைச் சுளிப்பான். உதடு கோணும். முகம் செம்பருத்தி நிறத்துக்கு வரும். முழங்காலை வயிற்றோடு இழுத்து, விரல்களை மடக்கிக்கொண்டு வீறிட ஆரம்பித்தால் ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் ஓயாது. பால் கொடுத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். தோளில் போட்டால் ஒரு நிமிஷம் அடங்குவான், மறுபடியும் வீறிடுவான்.

என் தங்கையின் மகன் பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் வீடு. பிரசவத்துக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். அழுகைக்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தி நேரத்தில் வாசலில் தூக்கிக்கொண்டு நின்றதால் காத்து கருப்பு பட்டுவிட்டது என்றாள் அம்மா. வாயு என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. முந்தின நாள் தங்கை சாப்பிட்ட கத்தரிக்காயைக் குற்றம் சொன்னாள் அத்தை. எதிர்வீட்டுக்காரர், கேட்காமலேயே, பால் பத்தவில்லை, டப்பாப் பால் வாங்குங்கள் என்றார். நாலாம் நாள் சாயங்காலம் உரம் எடுக்கிற ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

உரம் விழுவது என்றால் பிள்ளையைத் தூக்கும்போதோ கிடத்தும்போதோ உடம்பில் எங்கோ நரம்பு பிசகிக்கொண்டது என்று பொருள். பழம்புடவையை நீளவாக்கில் மடித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் பிள்ளையைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவார்கள். மூன்று நாள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ‘ஒரு வாரம் பாரு’ என்பார்கள். இந்த ‘ஒரு வாரம் பாரு’ என்ற சொல்லை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு ஊர் இந்த அழுகைக்குப் பெயர் வேறு. உரம், குடலேற்றம், தொக்கம், தோஷம், கண்ணேறு. ஆங்கில மருத்துவம் ‘கோலிக்’ என்கிறது. பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆக, மருத்துவர்களும் பெயர் வைக்கும்போதே குற்றவாளியை முடிவு செய்துவிட்டார்கள்: வயிறு. அது வயிற்றுவலிதான் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. காலை மடக்குவதும் காற்றுப் பிரிவதும் கண்ணுக்குத் தெரிகின்றன, உண்மைதான். ஆனால் வாயைத் திறந்து மணிக்கணக்கில் அழும் குழந்தை அந்த நேரமெல்லாம் காற்றை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. வயிறு உப்புவது பெரும்பாலும் அழுததால்.

இந்த அழுகைக்கு மருத்துவ உலகம் ஓர் அளவுகோல் வைத்தது 1950-களில்தான். அமெரிக்காவின் நியூ ஹேவனில் மோரிஸ் வெஸல் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 98 குழந்தைகளைக் கவனித்து 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக் என்று வகுத்தார்கள். அந்த ‘மும்மூன்று விதி’ அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்களில் நின்றது. எல்லைக்கோடு போட அது உதவியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டே முக்கால் மணி நேரம் அழும் பிள்ளையின் தாய்க்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை.

அதைவிட முக்கியமான வேலையை 1962-இல் டி. பெர்ரி பிரேசல்டன் செய்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவரிடம் வந்துகொண்டிருந்த 80 தாய்மார்களிடம், பிள்ளை எப்போது எவ்வளவு நேரம் அழுதது என்று நாள்தோறும் எழுதி வைக்கச் சொன்னார். நோயாளிப் பிள்ளைகள் இல்லை. நன்றாகப் பால் குடித்து எடை ஏறிக்கொண்டிருந்த சாதாரணப் பிள்ளைகள். குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு மலை. இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஏறத்தாழ 1 மணி 45 நிமிடம். ஆறாவது வாரத்தில் 2 மணி 45 நிமிடம், அதுதான் உச்சி. அங்கிருந்து இறங்கி, பன்னிரண்டாவது வாரத்துக்குள் வெகுவாகத் தணிந்துவிட்டது. அழுகை அதிகம் குவிந்தது சாயங்காலமும் முன்னிரவும். விளக்கு வைக்கிற நேரம் பொல்லாதது என்று சொல்லி வந்த நம் பாட்டிமார் நேரத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். காரணம் சொன்னபோதுதான் காத்து கருப்பு உள்ளே வந்தது.

பிற்காலத்தில் பல நாடுகளில் இதே நாட்குறிப்பு முறையில் ஆய்வுகள் நடந்தன. 2017-இல் டீட்டர் வோல்கேயும் அவருடைய குழுவினரும் அப்படிப்பட்ட 28 ஆய்வுகளை, சுமார் 8,700 குழந்தைகளின் குறிப்புகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் ஆறு வாரம் நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் அழுகை. பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் ஒரு மணி எட்டு நிமிடம். பிரிட்டன், கனடா, இத்தாலி நாட்டுக் குழந்தைகள் அதிகம் அழுதன. டென்மார்க், ஜெர்மனி, ஜப்பான் குழந்தைகள் குறைவாக அழுதன. மலையின் உயரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. மூன்று மாதத்துக்குள் சரிவு எல்லா இடத்திலும் வந்துவிடுகிறது.

இன்னொரு செய்திதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அழுகையின் உச்சி எப்போது வருகிறது? பிறந்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து இல்லை. நிறைமாதத்தில் பிறந்திருந்தால் எந்த நாளில் பிறந்திருக்குமோ அந்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து. கனடாவின் ரொனால்ட் பார் குழுவினர் 1990-களில் காட்டியது இது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை எட்டு வாரம் கூடுதலாகப் பால் குடித்திருக்கிறது, அதன் குடல் எட்டு வாரம் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. அழுகை அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. கருவான நாளிலிருந்து ஓடும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. தாய் தின்ற கத்தரிக்காய்க்கு அந்தக் கடிகாரத்தில் முள் இல்லை.

இனி ‘ஒரு வாரம் பாரு’ என்பதற்கு வருகிறேன்.

ஒரு வீடு எப்போது மருந்து தேடிப் புறப்படுகிறது? இரண்டாம் வாரத்தில் இல்லை. அப்போது பிள்ளை அழுவது பழக்கமாகவில்லை, பொறுமையும் தீரவில்லை. நாலாவது, ஐந்தாவது வாரத்தில் கைவைத்தியம் ஆரம்பிக்கும். ஓமத்தண்ணீர், வசம்பு. பலன் இருக்காது, ஏனென்றால் அழுகை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது வாரக் கடைசியில் மருந்துக்கடைப் புட்டி. அதுவும் சரிப்படாது. ஆறாவது வாரத்தில் ஒரு டாக்டர், ஏழாவதில் இன்னொரு டாக்டர், அல்லது உரம் எடுக்கிறவர், அல்லது மந்திரிக்கிறவர். அப்போது மலை இறங்க ஆரம்பித்திருக்கும். கடைசியாக யார் கை வைத்தாரோ அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். முதலில் வந்தவர்களுக்குப் பெயர் கெட்டுப்போகும். ஐந்தாவது வாரத்தில் தோற்ற அதே மருந்து ஏழாவது வாரத்தில் கொடுத்திருந்தால் ஜெயித்திருக்கும். பாட்டி சொல்லிப் பேத்திக்கும், பேத்தி சொல்லி அவள் மகளுக்கும் ஒரு மருந்து போய்ச் சேருவதற்கு அது குணப்படுத்த வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சரியான வாரத்தில் வந்து நின்றால் போதும்.

கிரைப் வாட்டரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் அதைத் தயாரித்தார். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் அப்போது மலேரியாவைப் போன்ற காய்ச்சல் இருந்தது. அந்தக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த கலவையிலிருந்துதான் அவருக்கு யோசனை கிடைத்தது. சோடியம் பைகார்பனேட், சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், ஆல்கஹால். 1876-இல் பெயரை வணிகக் குறியாகப் பதிந்தார். ஆல்கஹால் அளவு 3.6 சதவீதம் வரை இருந்தது, கிட்டத்தட்ட ஒரு லேசான பீருக்குச் சமம். பிள்ளை ஏன் அமைதியானது என்று கேட்க வேண்டியதில்லை. 1990-களில் பிரிட்டனில் ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் விற்பனை நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தித்திப்பு நாக்கில் பட்டால் சிசு சில நிமிடம் அழுகையை நிறுத்தும், அது நிரூபணமான விஷயம். மற்றதைக் காலம் பார்த்துக்கொண்டது. நம் ஊர்த் தொலைக்காட்சியில் தலைமுறை தலைமுறையாகப் பாட்டியும் அம்மாவும் அதைச் சிபாரிசு செய்த விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தலைமுறைகளைச் சாட்சிக்கு அழைத்ததுதான் அந்த விளம்பரத்தின் சாமர்த்தியம். மூன்று தலைமுறைப் பிள்ளைகளும் மூன்றாம் மாதத்தில் அழுகையை நிறுத்தினார்கள் என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

அது குறைந்த கெடுதல். 1849-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் சந்தைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ என்ற மருந்தில் ஒரு அவுன்சுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. புட்டியில் மார்ஃபின் இருப்பதை அச்சிட்டே ஆக வேண்டும் என்று 1906-இல் சட்டம் வந்தது. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சிசுக்கொல்லி வரிசையில் சேர்த்துக் கண்டித்தது. அதற்குப் பிறகும் 1930 வரை கடைகளில் கிடைத்தது. தூக்கம் கெட்ட வீடு எதையும் வாங்கும் என்று அதை விற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டு மருந்துகளும் பெரிதாகச் சாதிக்கவில்லை. டைசைக்ளோமின் என்ற மருந்து உண்மையிலேயே அழுகையைக் குறைத்தது. ஆனால் சில சிசுக்களுக்கு மூச்சு நின்றதாக 1980-களில் செய்திகள் வந்தன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். நம் ஊரில் ‘வயித்துவலி டிராப்ஸ்’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது. வாயுவுக்காகக் கொடுக்கும் சிமெத்திகோன் ஆபத்தில்லாதது. பலன்? 1994-இல் வெளிவந்த ஒரு அமெரிக்கச் சோதனையில் 83 குழந்தைகளுக்குக் கொஞ்ச நாள் மருந்தும் கொஞ்ச நாள் மருந்தில்லாத சொட்டும், எது எதென்று தாய்க்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி, மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்துக்கு மட்டும் குணம் தெரிந்த பிள்ளைகள் 28 சதவீதம். மருந்தில்லாத சொட்டுக்கு மட்டும் குணம் தெரிந்தவர்கள் 37 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்த உரம் எடுக்கிற பாட்டி மேல் இருந்த ஏளனம் பாதி குறைந்தது.

நல்ல பாக்டீரியாவைச் சொட்டாகக் கொடுப்பது இந்த நூற்றாண்டின் நம்பிக்கை. 2007-இல் இத்தாலியின் டூரின் நகரில் லாக்டோபாசிலஸ் ரியூட்டரி கொடுத்தபோது அழுகை குறைந்தது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 167 குழந்தைகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்கள், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஓரளவு உதவலாம் என்கிறார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகள் உண்மையிலேயே உண்டு. அவர்களுக்கு மலத்தில் ரத்தம், தோலில் கரப்பான், எடை ஏறாமை என்று வேறு அடையாளங்களும் இருக்கும், அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கைவைத்தியத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் பேர்சொல்லாதது என்பார்கள். விளக்கெண்ணெய் விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவுவது வழக்கம். அதில் இருக்கும் அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும், வாயில் வேண்டாம் என்பது என் கட்சி. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது அதைவிட மோசம். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகும் பிள்ளைகளைப் பற்றித் தென்னிந்திய மருத்துவர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்கிறது. சேனை என்று நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சூடு போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அது குற்றம்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன யோசனைதான் இவை எல்லாவற்றிலும் விலை கூடியது. அழும் பிள்ளையைப் பார்த்துப் பால் பத்தவில்லை என்று சொல்வது மிக எளிது. கேட்ட தாய் நம்பிவிடுவதும் எளிது. டப்பாப் பால் ஆரம்பித்தால் பிள்ளை தாயிடம் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பது குறையும், பத்து நாளில் எதிர்வீட்டுக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். அதே பத்து நாளில் ஆறாவது வாரமும் தாண்டியிருக்கும். அழுகை குறைந்ததற்கு டப்பா பெயர் வாங்கிக்கொள்ளும். சிசுக்களுக்கான பால்பொடியை விளம்பரம் செய்யக் கூடாது என்று இந்தியாவில் 1992-இல் சட்டம் வந்தது. ஆறாவது வாரத்து அழுகையைவிடப் பெரிய விளம்பரம் அதற்குத் தேவையும் இல்லை. பால் பத்துகிறதா என்று அழுகையை வைத்துக் கணிக்க முடியாது. நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட்டதா, அதற்குப் பிறகு நாளுக்கு இருபது, முப்பது கிராம் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கிராமச் செவிலியரிடம் தராசு இருக்கிறது.

அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? தூக்கி வைத்துக்கொள்ளலாம். ‘தூக்கித் தூக்கிப் பழக்காதே, கைப்பழக்கம் ஆகிவிடும்’ என்ற எச்சரிக்கையை எல்லாத் தாய்மார்களும் கேட்டிருப்பார்கள். 1986-இல் மான்ட்ரியாலில் ஹன்ஸிகரும் பாரும் 99 தாய்மார்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை, அழுதாலும் அழாவிட்டாலும், பிள்ளையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. கலாஹாரி பாலைவனத்தின் குங் சான் மக்கள் பிள்ளையை நாள் முழுக்க உடம்போடு கட்டிக்கொண்டு, மணிக்குப் பலமுறை பால் கொடுப்பவர்கள். அங்கும் அழுகை முதல் மாதங்களில் ஏறி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு அழுகையும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதுவும் இன்னொரு கைராசி மருந்தாகியிருக்கும். அதே மான்ட்ரியால் குழு 1991-இல், ஏற்கெனவே மிக அதிகமாக அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் தூக்கும் வைத்தியத்தைச் சோதித்தது. பலன் இல்லை. 2006-இல் இயன் செயின்ட் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் குழுவினர் மூன்று வகைப் பெற்றோர்களை ஒப்பிட்டார்கள்: லண்டன்காரர்கள், அவர்களைவிட அதிகம் தூக்கி வைத்திருக்கும் கோபன்ஹேகன்காரர்கள், நாளின் பெரும்பகுதி பிள்ளையை உடம்பை விட்டுப் பிரிக்காதவர்கள். லண்டன் பிள்ளைகள் மற்ற இரு சாராரைவிட ஒன்றரை மடங்கு அழுதன. ஆனால் என்ன செய்தாலும் அடங்காத அந்த வீறிடல், அது மட்டும், ஐந்தாவது வாரத்தில் மூன்று கூட்டத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

ஆக, அழுகையில் இரண்டு வகை. தூக்கினால் அடங்குவது ஒன்று. அதைத் தூக்கித்தான் அடக்க வேண்டும். யார் தூக்கினாலும் அடங்காதது இன்னொன்று. என் தங்கை இந்த இரண்டாவதில்தான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுதாள். அதில் தோற்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

தூக்குவதிலும் நுணுக்கம் இருக்கிறது. 2022-இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் குழந்தைகளின் நெஞ்சுத் துடிப்பை நொடிக்கு நொடி அளந்தார்கள். அழும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தாலோ வண்டியில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினாலோ அடங்கியது. ஐந்து நிமிடம் நடந்தபோது அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தூங்கியே போனார்கள். உடனே படுக்கையில் போட்டால் பலர் விழித்துக்கொண்டார்கள். தூங்கின பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்துவிட்டுக் கிடத்தினால் தூக்கம் நிலைத்தது. தூளிகட்டி ஆட்டத் தெரிந்த ஊருக்கு இதில் பாதி பழைய செய்தி. அந்த எட்டு நிமிடம் மட்டும் எனக்குப் புதிது. தூளியை ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும். பிள்ளை புரளத் தொடங்கினால் துணி கழுத்தைச் சுற்றும், விழுந்தால் தலையில் அடிபடும். ராத்திரித் தூக்கத்துக்கு, சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதுதான் பத்திரம்.

எல்லா அழுகையையும் மலைக்கணக்கில் எழுதிவிடக் கூடாது. கனடாவின் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில், காய்ச்சல் இல்லாமல் அழுகைக்காக அவசரச் சிகிச்சைக்கு வந்த 237 பிள்ளைகளைப் பற்றி 2009-இல் எழுதினார்கள். அவர்களில் 12 பேரின் அழுகைக்குப் பின்னால் தீவிரமான நோய் இருந்தது, அதிலும் சிறுநீர்த் தொற்றுதான் முன்னால் நின்றது. இருபதில் ஒன்று. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி புடைத்தால், தொடையிடுக்கில் வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வழக்கமான நேரத்தில் வரும் வழக்கமான அழுகைக்கும் திடீரென்று வரும் புது மாதிரி அழுகைக்கும் உள்ள வித்தியாசம் தாயின் காதுக்குத் தெரியும். அவள் ‘இது வேற மாதிரி இருக்கு’ என்றால் நம்ப வேண்டும்.

பிள்ளையின் துணியை முழுக்க அவிழ்த்து, விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாகப் பார்க்கும் பழக்கம் நல்லது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். உதிர்ந்த ஒற்றை முடி காலுறைக்குள்ளோ துணிக்குள்ளோ போய்ப் பிள்ளையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டு, ஆட ஆட இறுகும். விரல் நாவல் பழம் போல வீங்கியிருக்கும், முடி சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. கண்ணேறுக்குக் கட்டிய கறுப்புக் கயிறும் அரைஞாணும் பிள்ளை பெருக்கப் பெருக்க இறுகும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

அழுகை பிள்ளையைக் கொல்வதில்லை. அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் கொன்றுவிடலாம். சிசுவின் தலை உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு, கழுத்துக்கோ பலமே கிடையாது. ஆத்திரத்தில் தோளைப் பிடித்து ஐந்தாறு தடவை உலுக்கினால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள ரத்த நாளங்கள் அறும். கலிபோர்னியாவில் அப்படி உலுக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் வயதை பாரும் அவருடைய குழுவினரும் வரைந்து பார்த்தார்கள். அழுகையின் மலையைப் போலவே ஒரு மலை, உச்சி மட்டும் சில வாரம் தள்ளி, பத்து முதல் பதின்மூன்றாவது வாரத்தில். பொறுமை தீர அவ்வளவு நாள் ஆகிறது போலும். பிரசவ வார்டிலேயே பெற்றோருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த இடங்களில் சிலவற்றில் இது குறைந்தது. அவர்கள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: தாங்க முடியவில்லை என்றால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அறையைவிட்டு வெளியே போய் நில்லுங்கள். பத்து நிமிடம் தனியாக அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நம் வீடுகளில் இதை ஒரு தாய் செய்தால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கட்டும்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 301 பெண்களைப் பரிசோதித்தது. நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. எதனால் என்ற பட்டியலில் வறுமை இருந்தது, ஆண்பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை பிறந்தது இருந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் இருந்தது. கூடமாட வேலைக்கு ஆள் இல்லாததும் இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்பது அழுகையின் உச்சியும் சரிவும். அந்த வீடுகளில் சாயங்காலம் ஆறரைக்கு யார் கையில் பிள்ளை இருந்தது என்று ஆய்வு கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னதாக ஆரம்பத்தில் எழுதினேன். காரணம் சொன்ன நாலு பேரில் ஒருவரும் அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வைத்திருக்கவில்லை. நானும் வைத்திருக்கவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து, பஸ் பிடித்து எந்த டாக்டரிடம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உரம் எடுக்கிற பாட்டி வந்து, புடவையை மடிக்கச் சொல்லி, பிள்ளையை இரண்டு தரம் மெதுவாக உருட்டினாள். கழுத்து நிற்காத பிள்ளையை அப்படி உருட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. உருட்டி முடித்ததும் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, பிள்ளையைக் கால்மேல் குறுக்காகக் கிடத்திக்கொண்டு, தங்கையைப் பார்த்தாள்.

“காலீல இருந்து எதனா சாப்ட்டியா? போய் குளி. சோறு துன்னு. படு. நான் வெச்சினு இருக்கேன்.”

தங்கை குளித்துவிட்டு வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து மோர் சோறு சாப்பிட்டாள். அப்படியே உள்ளறைப் பாயில் விழுந்தாள். பிள்ளை பாட்டியின் காலில் கிடந்து வீறிட்டான். அவள் காலை மெல்ல ஆட்டிக்கொண்டே வெற்றிலைக்கு நரம்பு கிள்ளினாள், சுண்ணாம்பு தடவினாள், அம்மாவிடம் யார் வீட்டிலோ நடந்த சம்பந்தம் பற்றிப் பேசினாள். அழுகைக்கு அவள் பதறவே இல்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். அழுகை கேவலாகி, கேவல் பெருமூச்சாகி, நின்றது. அதற்குப் பிறகும் அவள் காலை நகர்த்தவில்லை.

தங்கை கண்விழித்து வந்தபோது மணி ஒன்பதரை. ரொம்ப அழுதானா என்று கேட்டாள்.

“எங்க அழுதான்? சமத்தா தூங்கிட்டான்” என்றாள் பாட்டி.

நாங்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.